மீன் பிடிக்கும் போட்டி மீனைக் காப்பாற்றுமா? சால்மன் டெர்பி: ஓர் அறிமுகம்

சால்மன் குறைந்துகொண்டே வருகிறது, அதைக் காப்பாற்றப் பணம் வேண்டும், ஆகவே எல்லோரும் தூண்டிலோடு வந்து சால்மன் பிடியுங்கள். இப்படி ஓர் அறிவிப்பைப் படித்தால் யாருக்கும் முதலில் சிரிப்புத்தான் வரும். ஆனால் அலாஸ்காவிலிருந்து வாஷிங்டன் மாநிலம் வரை, வட அமெரிக்காவின் மேற்குக் கரையோர ஊர்களில் பல தலைமுறைகளாக நடந்துவரும் விஷயம் இது. சால்மன் டெர்பி என்பார்கள். சியாட்டில் பக்கம் வேலைக்குப் போன நம்மவர்கள் பலர் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் படகுத்துறைகளில் இந்தக் கூட்டத்தைப் பார்த்திருப்பார்கள். இந்த ஏற்பாட்டில் பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது, எந்த மீன் சாகிறது, எது தப்பிக்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால், சிரிக்க வேண்டிய டெர்பி எது, மதிக்க வேண்டிய டெர்பி எது என்று பிரித்துப் பார்க்க முடியும். எல்லா டெர்பியும் ஒன்றல்ல.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் ஒரு சங்கம் இதை நடத்தும். தூண்டில்காரர்கள் சங்கமாக இருக்கலாம், வணிகர் சங்கமாக இருக்கலாம், ரோட்டரி கிளப்பாகக்கூட இருக்கலாம். ஒரு நாளோ, ஒரு வாரமோ குறித்து, கடலில் இன்ன எல்லைக்குள் பிடித்த மீன் மட்டுமே செல்லும் என்று அறிவிப்பார்கள். டிக்கெட் வாங்கினவர் தன் படகிலோ வாடகைப் படகிலோ போய்ப் பிடித்து, குறித்த நேரத்துக்குள் எடை போடும் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். பெரிய மீனுக்கு முதல் பரிசு. சின்ன ஊர்களில் நூறு, இருநூறு டாலர். பெரிய டெர்பிகளில் ஆயிரக்கணக்கில் போகும்.

அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் கோல்டன் நார்த் சால்மன் டெர்பி 1947-ல் தொடங்கியது. அதே மாநிலத்தில் சீவர்ட் என்ற துறைமுக ஊரில், ரெசரெக்‌ஷன் வளைகுடாவில் நடக்கும் சில்வர் சால்மன் டெர்பி 1956-ல் ஆரம்பித்தது. ஊரே அந்த நாட்களுக்காகக் காத்திருக்கும். ஓட்டல்களில் அறை கிடைக்காது, தூண்டில் கடையில் இரை தீர்ந்துவிடும். நம்மூர்த் திருவிழாவுக்கு வெளியூர் போனவர்கள் திரும்பி வருகிற மாதிரி, டெர்பிக்கென்றே விடுப்பு எடுத்து வருகிற குடும்பங்கள் உண்டு.

ஏமாற்று வேலைக்கும் பஞ்சமில்லை. 2022 செப்டம்பரில் ஓஹையோவின் கிளீவ்லாந்தில் நடந்த ஒரு போட்டியின் வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அது சால்மன் போட்டி அல்ல, ஈரி ஏரியில் வால்ஐ என்ற மீனுக்கான போட்டி. முதலிடம் பிடித்த மீன்களின் வயிற்றை நடுவர் அறுத்துப் பார்த்தால் உள்ளே ஈயக் குண்டுகள்! பிடித்தவர்கள் மீது வழக்கு நடந்து, சிறைத் தண்டனையும் கிடைத்தது. ஆகவேதான் பல டெர்பிகளில் மீனைக் குடல் நீக்கி, செவுள் எடுத்த பிறகே எடை போடுகிறார்கள். பரிசு வென்றவர் தேவைப்பட்டால் பொய் கண்டறியும் சோதனைக்கு உட்பட வேண்டும் என்றுகூட விதிப் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். ஒரு மீனுக்கு இவ்வளவு பாடா என்றால், பரிசுத் தொகையைப் பார்த்தால் புரியும்.

இன்னொரு தந்திரம், அடையாளம் போட்ட மீன். போட்டிக்கு முன்பே சில மீன்களுக்குச் சின்ன அட்டை குத்திக் கடலில் விட்டுவிடுவார்கள். அதில் ஒன்று உங்கள் தூண்டிலில் மாட்டினால் பெரும் தொகை, சில சமயம் புது வண்டி. நடத்துபவர்களுக்கு இவ்வளவு பணம் ஏது என்று கேட்கலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் சிறு பிரீமியம் கட்டிவிட்டால், மீன் மாட்டும்போது பரிசை அவர்கள் கொடுத்துவிடுவார்கள். அந்த மீன் மாட்டியும் டெர்பி டிக்கெட் எடுக்காததால் வெறுங்கையோடு நின்றவர்களின் கதை அலாஸ்காவில் ஏராளம். பத்து, இருபது டாலர் டிக்கெட்டை மிச்சம் பிடிக்கப் போய் ஐம்பதாயிரம் போச்சே என்று ஊரே பேசும்.

யார் இந்த சால்மன்?

சென்னையில் சில மீன் கடைகளில் காலா மீனை 'இந்தியன் சால்மன்' என்று சொல்லி விற்பார்கள். அது வேறு குலம், சால்மனுக்கு உறவே இல்லை. இங்கே பேசுவது பசிபிக் சால்மன். பெரியது சினூக், அதை கிங் என்றும் சொல்வார்கள். இன்னொன்று கோஹோ அல்லது சில்வர். மற்றவை சாக்கை, சம், பிங்க். 1985-ல் அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் தூண்டிலில் பிடித்த ஒரு சினூக் 97 பவுண்டு, ஏறக்குறைய 44 கிலோ. இன்றைக்கு அதில் பாதி எடை வந்தாலே படகில் கூத்தாடுவார்கள்.

குளிர்ந்த ஓடையில், கூழாங்கல்லுக்கு அடியில் இடப்பட்ட முட்டையிலிருந்துதான் இந்த மீனின் வாழ்க்கை தொடங்குகிறது. கோஹோவை எடுத்துக்கொள்வோம். குஞ்சு ஓராண்டுக்கு மேல் ஓடையிலேயே வளரும். உடம்பு உப்புத் தண்ணீருக்குத் தயாரானதும் கடலுக்கு இறங்கும். அங்கே ஒன்றரை வருடம் தின்று பெருத்து, மூன்றாம் வயதில், பிறந்த ஓடையின் வாசனையைப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பும். பெண் மீன் மூவாயிரம் முட்டை வாக்கில் இடும். பிறகு ஆணும் பெண்ணும் செத்துப்போகும். செத்த உடல் வீணாவதில்லை. கரடியும் கழுகும் தின்னும், மிச்சம் கரையோர மரங்களுக்கு உரமாகும். ஓடையில் பொரித்த அடுத்த தலைமுறைக் குஞ்சுகளுக்கும் அதுதான் உணவு.

இந்தச் சுற்றில் எந்த இடத்தில் அடைப்பு விழுந்தாலும் மீன் தீர்ந்தது. காவிரியில் உள்ளம் மீன் ஒரு காலத்தில் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி வந்துகொண்டிருந்தது. 1934-ல் மேட்டூர் அணை எழுந்தபின் அந்த வரத்து சரிந்துவிட்டது. அமெரிக்க மேற்குக் கரையின் கதையும் இதேதான், அளவில் பெரியது. அணைகள் ஒரு பக்கம். சாலைக்கு அடியில் ஓடையைக் கடத்தப் போட்ட குழாய்கள் இன்னொரு பக்கம். குழாயின் வாய் ஓடைத் தரையைவிட உயரமாக நின்றால், அத்தனை தூரம் நீந்தி வந்த மீன் கடைசி இரண்டடியைத் தாண்ட முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கும். கரையோர மரங்களை வெட்டியதில் தண்ணீர் சூடேறியது தனி. சியாட்டில் சுற்றுவட்டார ஓடைகளில் மழை பெய்தால் கோஹோக்கள் முட்டையிடும் முன்பே துடித்துச் செத்தன. பல வருடம் யாருக்கும் காரணம் புரியவில்லை. 2020-ல்தான் வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கார் டயர் ரப்பரில் வெடிப்பு வராமல் இருக்கச் சேர்க்கும் ஒரு ரசாயனம் ஓசோனோடு கலந்து நஞ்சாக மாறி, சாலையிலிருந்து மழைநீரோடு ஓடைக்கு வருகிறதாம்.

பியூஜெட் சவுண்ட் என்பது சியாட்டில் நகரை ஒட்டிய உள்கடல். அங்கே வாழும் சினூக்கை 1999-ல் அமெரிக்க அரசு, அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த சினூக்கை நம்பி வாழும் ஓர்கா திமிங்கிலக் கூட்டம் 2005-ல் அதைவிடக் கடுமையான பட்டியலுக்குப் போனது. இப்போது அந்தக் கூட்டத்தில் சுமார் 75 திமிங்கிலங்கள்தான் உள்ளன. இப்படிப்பட்ட கடலில் போய்த் தூண்டில் போட அனுமதி எப்படிக் கிடைக்கிறது?

முதுகில் ஒரு சின்னத் துடுப்பு

பதில் மீனின் முதுகில் இருக்கிறது. சால்மனின் முதுகில், வாலுக்குக் கொஞ்சம் முன்னால், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கொழுப்புத் துடுப்பு உண்டு. குஞ்சு பொரிப்பகத்தில் வளர்க்கும் குஞ்சுகளுக்கு, ஆற்றில் விடும் முன் இந்தத் துடுப்பை வெட்டிவிடுவார்கள். பிறகு கடலில் பிடிபடும்போது ஒரு பார்வையில் தெரியும்: துடுப்பு இல்லையென்றால் பொரிப்பகத்து மீன், துடுப்பு இருந்தால் பெரும்பாலும் ஓடையில் தானாகப் பிறந்த காட்டு மீன். பியூஜெட் சவுண்டில் பல இடங்களில், பல பருவங்களில், துடுப்பு வெட்டிய மீனை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். காட்டு மீனை விட்டுவிட வேண்டும். விடுவதற்கும் முறை உண்டு. படகுக்குள் தூக்கிப்போட்டு, கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு பிறகு விடுவது அங்கே குற்றம். மீன் தண்ணீரில் இருக்கும்போதே கொக்கியைக் கழற்ற வேண்டும். கொக்கியும் எதிர்முள் இல்லாத ஒற்றை முனைக் கொக்கியாகத்தான் இருக்க வேண்டும், கழற்றுவது சுலபமாகும் என்பதற்காக. எந்த மீனை, எத்தனை, எந்த அளவில் என்பது இடத்துக்கு இடம், வருடத்துக்கு வருடம் மாறும். டெர்பிக்காகத் தனிச் சலுகை எதுவும் கிடையாது.

விட்ட மீன் எல்லாம் பிழைத்துவிடுமா என்றால், இல்லை. ஒரு பங்கு செத்துவிடும் என்பதை மீன்வளத் துறையினர் கணக்கிலேயே சேர்த்துத்தான் பருவத்தைத் திறக்கிறார்கள். எத்தனை காட்டு மீன் தூண்டிலில் மாட்டியிருக்கும், அதில் எத்தனை செத்திருக்கும் என்று மதிப்பிட்டு, அது வரம்பைத் தொட்டால் பருவத்தை முன்கூட்டியே மூடிவிடுவார்கள். டெர்பிக்கு டிக்கெட் விற்று, பதாகை கட்டி, பரிசு வாங்கி வைத்த பிறகு மூடினாலும் மூடினதுதான். 2016-ல் கோஹோ வரத்து மிக மோசமாக இருக்கும் என்று முன்கணிப்பு வந்ததால் பியூஜெட் சவுண்டில் பெரும்பாலான இடங்களில் கோஹோ பிடிக்கவே அனுமதி இல்லை. அப்படிப்பட்ட வருடத்தில் கோஹோ டெர்பிக்கு இடமே இல்லை. டெர்பி மீனைத் தீர்த்துவிடும் என்று பயப்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு மீன் சாகலாம் என்பதை டெர்பி தீர்மானிப்பதில்லை, மேலே ஒரு வரம்பு தீர்மானிக்கிறது. வரம்பு இல்லாத இடத்தில் டெர்பி நடத்தினால் அது வெறும் வேட்டைதான், என்ன பெயர் வைத்தாலும்.

அந்த வரம்பை மாநில அரசு தனியாக எழுதுவதில்லை. 1850-களின் உடன்படிக்கைகளில் தங்கள் நிலத்தை விட்டுக்கொடுத்த பழங்குடிகள், வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நூறு ஆண்டுக்கு மேல் அந்த உரிமையை யாரும் மதிக்கவில்லை. வலை போட்ட பழங்குடிகளைக் கைது செய்தார்கள். 1974 பிப்ரவரியில் நீதிபதி ஜார்ஜ் போல்ட் கொடுத்த தீர்ப்பு, பிடிக்கத்தக்க மீனில் பாதி பழங்குடிகளுக்கு என்றது. அதன் விளைவாக இப்போது மாநிலமும் பழங்குடிகளும் சேர்ந்துதான் ஒவ்வொரு வசந்தத்திலும் உட்கார்ந்து அந்த வருடத்தின் பங்கைப் பிரிக்கிறார்கள். டெர்பி படகுகள் பிடிக்கும் மீன், மீதிப் பாதியில் ஒரு சிறு துண்டு.

எடை மேசைக்குப் பக்கத்தில்

டெர்பிக்குப் போனால் எல்லோரும் எடைப் பலகையைத்தான் பார்ப்பார்கள். நான் சொல்வது, பக்கத்தில் ரப்பர் பூட்ஸோடு நிற்கும் மீன்வளத் துறை ஊழியரைப் பாருங்கள். அவர் கையில் ஒரு கோல் போன்ற கருவி. துடுப்பு வெட்டிய மீனின் மூக்கருகே அதை நகர்த்துவார். பெரும்பாலும் சத்தம் வராது. ஏதோ ஒரு மீனுக்கு 'பீப்' என்று கத்தும். உடனே கத்தியை எடுத்து, மீனின் தலையை வெட்டி, எண் போட்ட சீட்டோடு பையில் கட்டிவிடுவார். உடல் பிடித்தவருக்கு, தலை ஆய்வகத்துக்கு.

அந்தத் தலைக்குள் இருப்பது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமான நீளத்தில், தலைமுடி போல் மெல்லிய எஃகுக் கம்பித் துண்டு. குஞ்சாக இருந்தபோது மூக்குக் குருத்தெலும்பில் ஊசியால் செலுத்தியது. அதில் எண் பொறித்திருக்கும். ஆய்வகத்தில் தலையைப் பிளந்து, காந்தத்தால் கம்பியை எடுத்து, நுண்ணோக்கியில் எண்ணைப் படித்தால், இந்த மீன் எந்தப் பொரிப்பகத்தில், எந்த வருடம், எந்தக் கூட்டத்தோடு விடப்பட்டது என்று சொல்லிவிடலாம். கலிஃபோர்னியாவிலிருந்து அலாஸ்கா வரை இப்படிக் கோடிக்கணக்கான குஞ்சுகளுக்குக் கம்பி போட்டு விடுகிறார்கள். திரும்பக் கிடைப்பது மிகச் சொற்பம். ஆகவே பிடித்தவர்கள் தலையைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் கணக்கு முழுமையாகும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதற்காகவே படகுத்துறைகளிலும் தூண்டில் கடைகளிலும் தலை போடும் இடங்கள் வைத்திருக்கிறார்கள். துடுப்பு இல்லாத மீனின் தலையை வெட்டி, பிடித்த இடமும் தேதியும் எழுதிப் போட்டுவிட்டுப் போகலாம்.

உடலிலிருந்து சில செதில்களையும் கிள்ளி எடுப்பார்கள். செதிலில் வளையம் வளையமாக வளர்ச்சி பதிவாகியிருக்கும். வயது தெரியும், ஆற்றில் எத்தனை காலம், கடலில் எத்தனை காலம் என்பதும் தெரியும். சாதாரண நாளில் ஊழியர் ஒருவர் துறை துறையாக அலைந்து சில டஜன் மீன்களைப் பார்ப்பார். டெர்பி நாளில் நூற்றுக்கணக்கான மீன் ஒரே மேசைக்கு வரிசையில் வருகிறது. பிடித்தவர்களும் பரிசு ஆசையில் ஒளிக்காமல் காட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், டெர்பியின் பலனில் அதிகம் பேசப்படாத பகுதி இதுதான்.

பணம் எங்கே போகிறது?

இங்கேதான் டெர்பிக்கு டெர்பி வித்தியாசம். ஜூனோ டெர்பியில் எடைக்கு வரும் மீனைப் பிடித்தவர்கள் போட்டிக்கே கொடுத்துவிடுகிறார்கள். அதை மீன் பதப்படுத்தும் கம்பெனிக்கு விற்று, அந்தப் பணத்தில் உள்ளூர் மாணவர்களுக்குக் கல்லூரி உதவித்தொகை தருகிறார்கள். 1950-களிலிருந்து நடக்கும் வழக்கம் இது. நல்ல காரியம்தான், ஆனால் சால்மன் பாதுகாப்பு அல்ல. டெர்பி என்றாலே மீனுக்குத்தான் பணம் போகும் என்று நினைத்துவிடக் கூடாது.

மீனுக்காகவே நடத்தும் டெர்பிகளில் பணம் பெரும்பாலும் சின்னச் சின்ன வேலைகளுக்குப் போகும். ஓடைக் கரையில் மரக்கன்று நடுவது, முட்டைப் பெட்டிகளை ஓடையில் வைப்பது, கூண்டு வலையில் குஞ்சு வளர்த்து விடுவது, பள்ளிக்கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்துப் பிள்ளைகளை முட்டையிலிருந்து குஞ்சு வரை வளர்க்க வைப்பது. கேட்கச் சின்ன விஷயங்கள். ஆனால் அரசு மானியம் கேட்கும்போது 'நீங்கள் எவ்வளவு போடுகிறீர்கள்?' என்பதே முதல் கேள்வி. டெர்பியில் சேர்ந்த சில ஆயிரம் டாலர் அந்த இடத்தில் பல மடங்குப் பணத்தை இழுத்துவரும்.

பெரிய வேலைகள் டெர்பியின் கைக்கு அடங்காதவை. நான் மேலே சொன்ன சாலைக் குழாய்களை மாற்றச் சொல்லிப் பழங்குடிகள் வழக்குப் போட்டு, அது 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் நிலைத்தது. அந்த வேலைக்கு வாஷிங்டன் மாநிலம் பல நூறு கோடி டாலர் செலவிட வேண்டியிருக்கிறது. எல்வா ஆற்றில் 2011-க்கும் 2014-க்கும் இடையே இரண்டு பெரிய அணைகளை உடைத்து அப்புறப்படுத்தினார்கள். நூறு வருடம் மீன் ஏறாத மேல்பகுதிக்கு மறுபடி சால்மன் ஏறியது. இதையெல்லாம் டிக்கெட் விற்றுச் செய்ய முடியாது.

தூண்டில்காரர்களின் காசு டெர்பி வழியாக மட்டும் போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் தூண்டில் கோல், சுருள், கொக்கி போன்றவற்றுக்கு உற்பத்தி மட்டத்திலேயே ஒரு வரி உண்டு. 1950-ல் வந்த சட்டப்படி அந்தப் பணம் மாநிலங்களின் மீன்வள வேலைக்கென்றே ஒதுக்கப்படுகிறது. கனடாவில் வேறு வழி. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலில் சால்மன் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், உரிமத்தோடு சால்மன் பாதுகாப்பு முத்திரை ஒன்றையும் வாங்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஓவியர்கள் போட்டி போட்டு வரையும் முத்திரை அது. 1987-ல் தொடங்கிய பசிபிக் சால்மன் அறக்கட்டளை அந்தப் பணத்தை ஊர் ஊராக உள்ள தன்னார்வ ஓடைக் காவலர் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. டெர்பியைவிட நேரான வழி என்றுதான் சொல்வேன்: மீன் வேண்டுமா, முதலில் மீனுக்குக் கட்டு.

எதிர்ப்பவர்கள் சொல்வது

எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. பெரிய மீனுக்குப் பரிசு என்றால் எல்லோரும் பெரியதைத்தான் துரத்துவார்கள். பெரிய பெண் மீனிடம்தான் முட்டை அதிகம். சினூக்கின் சராசரி அளவு சில பத்தாண்டுகளாகக் குறுகி வருகிறது. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் பெரியதைத் தேடிக் கொல்லும் பழக்கம் அதற்கு உதவப் போவதில்லை. இன்னொன்று பொரிப்பகம். தொட்டியில் வளர்ந்த மீன் ஓடைக்குத் திரும்பிக் காட்டு மீனோடு கலந்தால், அந்த வம்சம் தலைமுறைக்குத் தலைமுறை பலவீனமாகிறது என்று ஆய்வாளர்கள் பலர் எச்சரிக்கிறார்கள். குஞ்சு விடுவதையே 'பாதுகாப்பு' என்று சொல்வது, ஓடையைச் சரிசெய்யாமல் தப்பிக்கும் வழி என்பது அவர்கள் வாதம். அமெரிக்கப் பேரேரிகளில் நடக்கும் சால்மன் டெர்பிகளைப் பார்த்தால் இந்த வாதம் இன்னும் கூர்மையாகத் தெரியும். மிச்சிகன் ஏரியில் பசிபிக் சால்மன் பூர்வீக மீனே அல்ல. ஏரி முழுக்கப் பெருகிய ஏல்வைஃப் என்ற சின்ன மீனைத் தின்னவும், தூண்டில்காரர்களை இழுக்கவும் 1966, 67-ல் கொண்டுவந்து விட்டவை. அங்கே பாதுகாப்பு என்ற பேச்சுக்கு அர்த்தமே வேறு.

இதனால் சில இடங்களில் ஆட்டத்தையே மாற்றுகிறார்கள். பெரியதற்குப் பதில், முன்கூட்டியே ரகசியமாகக் குறித்த ஓர் எடைக்குக் கிட்டத்தில் வரும் மீனுக்குப் பரிசு என்பது ஒரு வழி. வாஷிங்டனில் படகு வியாபாரிகள் சங்கம் பல டெர்பிகளைத் தொடராகக் கோர்த்து, எல்லாவற்றிலும் டிக்கெட் எடுத்தவர்களின் பெயரைக் குலுக்கிப் படகு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தது. மீன் பிடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. வான்கூவர் தீவின் கேம்பல் ரிவரில் 1924-ல் தொடங்கிய டையீ கிளப் இன்னும் ஒருபடி மேல். அங்கே இஞ்சின் கூடாது, துடுப்பு வலித்த படகில்தான் போக வேண்டும். உயிர் இரை கூடாது. மெல்லிய நூல், எதிர்முள் இல்லாத ஒற்றைக் கொக்கி. இவ்வளவு கட்டுப்பாட்டோடு 30 பவுண்டுக்கு மேல் ஒரு சினூக் பிடித்தால்தான் உறுப்பினர். பலர் வருடக்கணக்கில் முயன்றும் உறுப்பினர் ஆகாமல் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்த விதிமுறை இதுதான்; மீனுக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

தலைகீழ் டெர்பி ஒன்றும் உண்டு, சொல்லாமல் விட மனம் வரவில்லை. வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களுக்கு நடுவே ஓடும் கொலம்பியா ஆற்றில் அணைகள் கட்டிய பிறகு, நார்தர்ன் பைக்மின்னோ என்ற மீனுக்குக் கொண்டாட்டம்; அணை தாண்டித் தடுமாறி வரும் சால்மன் குஞ்சுகளைத் தேங்கிய நீரில் காத்திருந்து விழுங்கிவிடும். 1990-லிருந்து அந்த மீனைப் பிடித்துக் கொடுப்பவர்களுக்குக் காசு கொடுக்கிறார்கள். ஒன்பது அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். எவ்வளவு அதிகம் பிடிக்கிறீர்களோ அவ்வளவு அதிகம் விலை. பணம் தருவது அணை மின்சாரத்தை விற்கும் பானவில் மின் நிர்வாகம். இதுவரை ஐம்பது லட்சத்துக்கு மேல் பிடித்தாயிற்று. ஒரே பருவத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தவர்களும் உண்டு. இங்கே பிடிக்கும் ஒவ்வொரு மீனும் சால்மனுக்கு நேராக உதவுகிறது, துடுப்பைப் பார்க்க வேண்டிய தலைவலி இல்லை.

போய்ப் பார்க்க ஆசைப்பட்டால்

சியாட்டில் பக்கம் இருப்பவர்களுக்கு: பதினைந்து வயதானால் மீன்பிடி உரிமம் கட்டாயம். சால்மனுக்குப் பதிவு அட்டை ஒன்றும் சேர்த்து வாங்க வேண்டும். மீனை வைத்துக்கொண்ட உடனே, கரைக்கு வந்து அல்ல, அங்கேயே தேதி, இடம், மீன் வகை எழுதிவிட வேண்டும். டெர்பி டிக்கெட் இவற்றுக்கு மேல் தனி. படகு இல்லையே என்று கவலை வேண்டாம். ஒற்றைப்படை வருடங்களில் பியூஜெட் சவுண்டுக்குப் பிங்க் சால்மன் பெருங்கூட்டமாக வரும். கடற்கரையில் நின்றோ, மீன்பிடிப் பாலத்தில் நின்றோ வீசினாலே மாட்டும்.

டிக்கெட் வாங்கும் முன் நடத்துபவர்களிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். போன வருடப் பணம் எந்த ஓடைக்கு, என்ன வேலைக்குப் போனது? காட்டு மீனை விடும் விதியை யார் கண்காணிக்கிறார்கள்? ஓடையின் பெயரைச் சொல்லிப் பதில் வந்தால் நல்ல டெர்பி. 'சால்மனுக்காக' என்று பொதுவாக இழுத்தால் பரிசுக்காக மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை.

தூண்டிலே வேண்டாம், மீனை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு இடம். சியாட்டிலில், படகுகளை ஏற்றி இறக்க 1917-ல் திறந்த பாலார்ட் நீர்க்கதவில் 21 படிகள் கொண்ட மீன் ஏணி இருக்கிறது; கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாக்கை ஜூலை வாக்கில் ஏறும், சினூக் ஆகஸ்டில், கோஹோ செப்டம்பரில். இன்னொன்று இசக்குவா பொரிப்பகம், 1936-ல் கட்டியது. அக்டோபர் முதல் வார இறுதியில் அந்த ஊரில் சால்மன் திருவிழா. அன்றைக்கு வண்டி நிறுத்த இடம் கிடைப்பது சால்மன் பிடிப்பதைவிடக் கஷ்டம். காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள்.